அமெரிக்கருக்குப் போர்த்திய பொன்னாடை

சகலன் என்றொரு உறவைக் கண்டுபிடித்தவன் என் கையில் அகப்பட்டால் சும்மா விடமாட்டேன். அண்ணன் தம்பியோடு சண்டை பிடிக்கலாம். மனைவியின் தங்கை கணவனோடு அது முடியாது. அவன் வாங்கிய புதுக் காரைத் தடவிப் பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும்.

என் சகலன் சுகந்தன், இல்ஃபோர்டில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு லண்டனின் ஓரத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கினான். கோல்ஃப் கிளப்பில் சேர்ந்தான். "சுகந்தனைப் பாருங்கோ, வயிறே இல்லை" என்று என் மனைவி வதனி சொல்லத் தொடங்கினாள். (என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?)

ஒருநாள் அவன் போன் எடுத்தான்.

"அண்ணை, எங்கட கிளப்புக்கு ஒரு அமெரிக்கன் வாறார். பெரிய புரொபெஷனல். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம், வாறன்" என்றேன். வதனியின் கண் முன்னால் ஒரு தடவையாவது இவனை முந்திவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் ரயிலில் அந்த அமெரிக்கரின் வாழ்க்கையைப் போனில் வாசித்தேன். சிறுவயதில் பணக்காரர்களின் கோல்ஃப் மட்டைப் பைகளைச் சுமந்தவர். பிறகு தானே ஆட்டக்காரரானார். சின்னக் கோப்பைகள் நிறைய வென்றார்; பெரிய கோப்பை மட்டும் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டாமிடம், ஒவ்வொரு முறையும் ஒரே நண்பனிடம் தோல்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பாவம், மனுசனுக்கும் ஒரு சகலன்.) அவர் ஆடும் வீடியோவை மட்டும் நான் பார்க்கவில்லை. கோல்ஃப் பார்த்தால் எனக்கு நித்திரை வந்துவிடும்.

சுகந்தன் அவருக்குக் கை கொடுப்பான். நான் பொன்னாடை போர்த்துவேன். யார் பெரிய ஆள் என்று வதனி பார்க்கட்டும். அகலச் சரிகை போட்ட சிவப்புப் பொன்னாடை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

அங்கே கிட்ட நின்று பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் போட்டி நடந்தது. ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் அமெரிக்கர். மற்றது யார்? சுகந்தன்தான். (விடுவானா?) அவன் தட்டிய பந்து குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வதனி இன்னும் பலமாகத் தட்டினாள். ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அமெரிக்கர் முன்னால் வந்து, தோளைத் தாழ்த்தி, தலை குனிந்து அசையாமல் நின்றார். கூட்டம் கப்சிப். எங்கள் விழாக்களில் ஒரு விருந்தினர் அப்படி நிற்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். நான் பாய்ந்து ஓடிப்போய்ப் போர்த்தினேன்.

அந்த நொடியில் அவர் தட்டிய பந்து குழியைத் தாண்டி எங்கேயோ போனது.

சிவப்புத் துணிக்குள்ளிருந்து அமெரிக்கர் மெல்லத் தலையை வெளியே எடுத்தார். பதற்றத்தில், பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலப் பேச்சை நான் தொடங்கிவிட்டேன்: "ஐயா, உங்கள் வாழ்க்கை முழுவதும் எனக்குத் தெரியும். எப்போதும் நீங்கள் இரண்டாமிடம்தான்."

அவர் பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இன்றைக்கும்தான்" என்றார்.

மறுபடி தட்டலாம் என்று கிளப்காரர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. பொன்னாடையோடு போய்ச் சுகந்தனின் கையைத் தூக்கிப் பிடித்தார். அமெரிக்கப் புரொபெஷனலைத் தோற்கடித்த தமிழன் என்று இன்றுவரை ஊரெல்லாம் என் சகலனுக்குத்தான் பெயர். தோற்கடித்தது நான் என்பதை யார் சொல்கிறார்கள்?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் நான் ஓடிய ஓட்டத்தை அவன் நடித்துக் காட்டுகிறான். பக்கத்தில் நின்று நேரே பார்த்த வதனியே ஒவ்வொரு முறையும் கண்ணீர் வரச் சிரிக்கிறாள். அவமானம் எனக்கு, கைதட்டல் அவனுக்கா? பொறுக்கமாட்டாமல்தான் இதை நானே எழுதி, முதலில் அவளிடம் கொடுத்தேன்.

அவள் சிரிக்காமல் முழுவதையும் வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, சுகந்தன் சொல்லேக்க வாற சிரிப்பு இதில வரேல்லை. அவரிட்டைக் குடுங்கோ, திருத்தித் தருவார்."