லின்டர் வைத்தியர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, வேலை செய்யாதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: வேலையை ஆரம்பிக்கும் முன் கருவியைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள். இந்த இனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைச் சேர்ந்தவர்தான் நமது லின்டர் வைத்தியர். இவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். தினமும் காலையில் என்னுடைய பிரஷ்ஷில்தான் பல் துலக்குகிறார். ஆகவே நான் சொல்வதில் மிகை எதுவும் இருக்காது, கொஞ்சம் குறைத்துச் சொன்னால்தான் உண்டு.

லின்டர் என்றால் என்ன என்கிறீர்களா? கம்ப்யூட்டர் நிரல் எழுதும் எடிட்டர் என்ற மென்பொருளுக்குள் குடியிருக்கும் கண்டிப்பான ஆசாமி. நீங்கள் எழுத எழுத அவர் படித்துக்கொண்டே வருவார். அடைப்புக்குறியை மூட மறந்தால் போதும், அடியில் நெளிநெளியாகச் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோடு வராமல், மூலையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆசாமிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மற்றவர்களுக்கு அது தொல்லை. நம் வைத்தியருக்கோ கொண்டாட்டம்.

போன வாரக் கதையைக் கேளுங்கள். வைத்தியரின் மைத்துனி பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு தையல் கடை திறந்தாள். கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவர் வைத்தியர். "நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று மார்தட்டியவரும் அவரே. திறந்த அன்று காலையில் மைத்துனி போன் செய்தாள்.

"மாமா, இணையப் பக்கத்துல என் நம்பர் தப்பா இருக்கு. கடைசியில ஏழு வரணும், ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. காலையிலேர்ந்து ஒரு போன் கூட வரல."

"இவ்வளவுதானா? டீ ஆறதுக்குள்ள மாத்திடறேன்."

ஒன்றை அழிக்க வேண்டும், ஏழைத் தட்ட வேண்டும். வைத்தியர் எடிட்டரைத் திறந்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏழைத் தட்டிவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். அதனால்தான் உங்களால் வைத்தியராக முடியவில்லை. "லின்டர் ஓடாம நிரல்ல எப்படிக் கை வைக்கிறது? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

எடிட்டரை மூடித் திறந்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். கூடவே ஓடும் உபரிச் செயலிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார், எதை நிறுத்தினோம் என்பது மறந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டார், புதிய பதிப்பை ஏற்றினார், அதன் மேல் நம்பிக்கை வராமல் பழையதற்கே திரும்பினார், இதே நோயைச் சொல்லி இணையத்தில் எவனோ புலம்பியிருந்ததை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போய், கடைசியில் அந்த மகானுபாவன் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுக் கிளம்பியிருப்பதைக் கண்டு, முகம் தெரியாத அவனை வாயாரத் திட்டித் தீர்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

மறுபடி போன்.

"மாமா, அது சவப்பெட்டி செய்யறவரு நம்பராம்! ஒரு கல்யாணப் பொண்ணு போன் பண்ணி, அளவு குடுக்க எப்ப வரட்டும்னு கேட்டிருக்கா. அவரு, நீங்க வரவே வேணாம்மா, நாங்களே வந்து எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காரு. பொண்ணோட அம்மா கடை வாசல்ல நின்னு என்னைக் கிழிக்கறாங்க!"

"கவலைப்படாதே. நோயைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"யாருக்கு நோய்?"

"லின்டருக்கு."

"மாமா, இன்னிக்குத்தான் முதல் நாள்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். வைத்தியருக்குச் சுருக்கென்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நோயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க எந்த வைத்தியருக்கு மனம் வரும்?

நோய்க்குக் காரணம் வைத்தியரேதான். எதையாவது மாற்றப் பயம் வரும்போதெல்லாம் முழு நிரலையும் நகலெடுத்து அதே ஃபோல்டருக்குள் போட்டு வைப்பது அவர் வழக்கம். 'பழசு', 'புதுப் பழசு', 'கடைசி', 'இதுதான் கடைசி', 'சத்தியமாக இதுதான் கடைசி' என்று அவை பெருகிக் கிடந்தன. பாவம் லின்டர், அத்தனையையும் எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். இவருடைய தப்புகள் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்தால் யாருக்குத்தான் மயக்கம் வராது? "இந்த நகல்களுக்குள் போகாதே" என்று வைத்தியர் லின்டரின் அமைப்புகளில் ஒரு வரி சேர்த்தார். வட்டம் நின்றது. சிவப்புக் கோடுகள் பொலபொலவென்று வந்தன.

ஆஹா, அந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வது! இங்கே ஒரு காற்புள்ளி, அங்கே ஒரு இடைவெளி என்று திருத்தத் திருத்தக் கோடுகள் மறைந்தன. கடைசியில் பச்சை டிக் விழுந்தது. தவறு எதுவும் இல்லை! வைத்தியர் பக்கத்தை வெளியிட்டார், எடிட்டரை மூடினார், மைத்துனிக்கு அவரே போன் போட்டார்.

"எல்லாம் சரி பண்ணிட்டேம்மா. தேடினாலும் ஒரு தப்பு கிடைக்காது!"

சாயங்காலம் மனைவி தங்கையின் கடையிலிருந்து திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே என்னிடம், மன்னிக்கவும், வைத்தியரிடம் கேட்டாள்.

"என்னங்க, ஏழு போட்டீங்களா?"

"என்ன ஏழு?"

லின்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். அவருக்கு ஒன்றும் எண்தான், ஏழும் எண்தான். மனைவி வைத்தியரை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளினாள், எடிட்டரைத் திறக்கச் சொன்னாள், குனிந்து ஒரு விரலால் ஏழைத் தட்டினாள்.

"இன்னிக்கு வந்த ஆர்டரெல்லாம் அந்தச் சவப்பெட்டிக்காரர் அனுப்பி வச்சதுங்க. இவ அவருகிட்டக் கெஞ்சினா, பாவம் மனுஷன் போன் பண்ணினவங்களுக்கெல்லாம் இவ நம்பரைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. அவருக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுக்கப்போறாளாம்."

"எனக்கு?" என்று வைத்தியர் கேட்டிருக்கக் கூடாது.

"உங்க அளவை அவருகிட்டக் குடுத்திருக்கா."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் முன் மேசையை அடுக்கியவர், நடைப்பயிற்சிக்குப் போகும் முன் எந்தச் செருப்பு நல்லது என்று ஊரெல்லாம் விசாரித்தவர், இவர்களெல்லாம் வேறு யாரோதானே? இந்தப் பக்கத்தைக் கையில் எடுக்கும்போது உங்களுக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருந்ததே, ஒரு விரலால் முடிகிற வேலை, அதை முடித்துவிட்டுத்தானே படிக்க உட்கார்ந்தீர்கள்?