தலையாட்டும் ரோபோ

"மறுபடியும் அதையே சொல்லுதும்மா!" என்று செக்யூரிட்டி தர்மராஜ் கத்தினார்.

செங்கல்பட்டில் ஒரு கண் மருத்துவமனை வாசல். கண்ணில் கட்டோடு வந்தவரைப் பார்த்து, "தங்கள் வருகை எங்கள் பாக்கியம்" என்றது வரவேற்பு ரோபோ.

"என் கண்ணு போனது உனக்குப் பாக்கியமா?"

ரோபோவுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது சாராளின் வேலை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பேச்சு இயல்பாக வராவிட்டால் ரோபோவோடு அவளும் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் ஜான்சன் சொல்லியிருந்தார்.

வரியை மாற்றினாள். "வாங்க, சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி கழித்து ஒருவர் தர்மராஜைக் கேட்டார்: "நாஸ்தா எப்ப வரும்?"

அதையும் அழித்தாள். "உடம்புக்கு இன்னா?" என்று ஊர்ப் பேச்சிலேயே கேட்க வைத்தாள். ஒரு பெரியவர் சர்க்கரையில் தொடங்கி மூலத்துக்கு வந்தபோது, எதுவும் புரியாத ரோபோ, "ரொம்ப சந்தோஷம்! மேல போங்க" என்றது.

"மேல போவணுமா? இன்னா, நக்கலா?" பெரியவர் கைத்தடியை ஓங்க, தர்மராஜ் குறுக்கே பாய்ந்தார்.

வியாழக்கிழமை, வேறு வழி தெரியாமல் சாராள் பேச்சையே அணைத்தாள். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கட்டும்.

அன்றைக்கு மக்கள் நின்றார்கள், பேசினார்கள். மகள் கல்யாணத்துக்குள் பார்வை வந்துவிடுமா என்று ஒருவர் கண் கலங்கினார். தேவனேரியில் மீன் விற்கும் வேண்டா என்ற பெண், ஆபரேஷன் பயத்தைக் கால் மணி நேரம் கொட்டிவிட்டு, "இப்ப பரவால்ல" என்று முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சாராள் எழுதவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடனே ஜான்சனுக்குப் போன் போட்டாள். "சார், அது பேசவே வேணாம். சும்மா கேட்டாலே ஜனங்க மனசு விட்டுப் பேசுறாங்க!"

"பிரமாதம்! பத்து ஆஸ்பத்திரியில நிறுத்திடலாம்."

சொட்டு மருந்தோடு வெளியே வந்த வேண்டாவை சாராள் பூரிப்போடு மறித்தாள். "எப்படிக்கா இந்த ரோபோகிட்ட அவ்ளோ பேசுனீங்க?"

வேண்டா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்ய, அதுகிட்ட யாரு பேசுனா? பக்கத்துல நீ உக்காந்து கேட்டுகினு இருந்தியே, உங்கிட்டதாம்மா சொன்னேன்."