முதுகு மட்டும் இன்னும் அரிக்கிறது

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்காள் கணவன் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். உன் வீட்டில் எல்லோருடைய முதுகும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் நான் "ஹலோ" சொல்வதற்குள் உன் அக்கா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். இதையும் அவள் படித்துப் பார்த்துத்தான் ஒட்ட விடுவாள்.

முதலில் அரிப்புதான் வந்தது. உள்ளங்கை, உள்ளங்கால், பிறகு முதுகு முழுக்க. உன் அக்கா சோப்பை மாற்றினாள், தலையணையை மாற்றினாள், மெத்தையை வெயிலில் போட்டு அடித்தாள், புருஷனைத்தான் மாற்றவில்லை. அப்புறம் கண்ணாடியில் என் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. பல்புதான் கோளாறு என்று ஸ்டூலில் ஏறிப் புது பல்பு மாட்டினேன். புது வெளிச்சத்தில் இன்னும் நன்றாக மஞ்சளாகத் தெரிந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கட்டி பித்தக் குழாயை நெருக்குகிறது, பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது என்றார் டாக்டர். பிறகு உன் அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள், "ஒண்ணுமில்லங்க, சாதாரணக் கட்டிதான்" என்றாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரி ஏசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

"குழாய்க்குள்ள சின்னதா ஒரு கம்பி வலைக் குழல் வெச்சிடுவோம். ஸ்டென்ட்டுன்னு பேரு. அது விரிஞ்சு வழியைத் திறந்து வெச்சுக்கும். வயித்தைக் கிழிக்க வேணாம், வாய் வழியாவே விட்டு வெச்சிடலாம்" என்றார் டாக்டர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா? சரி என்றேன். ரெட்டை விசில் என்று நாங்கள் கூப்பிடும் என் பழைய கண்டக்டர் அன்றைக்குப் பார்த்து வந்து நின்றான். என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் பழக்கதோஷத்தில் "போலாம் ரைட்!" என்று ஒரு கத்து கத்தினான். தள்ளுகிறவர் மிரண்டு ஓட்டமெடுத்தார். நர்ஸம்மா ரெட்டை விசிலைத் தெருவில் இறக்கிவிட்டார்.

குழல் வைத்த பிறகு கண்ணில் மஞ்சள் போனது, பசி வந்தது. முதுகு அரிப்புதான் போகவில்லை. "போயிருக்கணுமே!" என்று டாக்டர் தன் தலையைச் சொறிகிறார். அவர் கைராசி அவ்வளவுதான். வேறு வழி? சாயங்காலமானால் உன் அக்கா மரச் சீப்போடு கட்டிலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, சொறிந்துகொண்டே பேசுகிறாள்.

கல்யாணமான புதிதில் நான் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவேன். பேச ஆளில்லாமல் உன் அக்கா டிக்கெட் எடுத்து என் பஸ்ஸிலேயே ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருக்கும். செக்கிங் இன்ஸ்பெக்டர் அதைக் காட்டி அதட்டினதற்கு, "நான் டிரைவர்கிட்ட பேசல சார், எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசறேன்" என்றாளே! வாடகை வாங்குகிற வீட்டு ஓனரம்மாவின் கஞ்சத்தனம், நீ கணக்கில் வாங்கிய மார்க்கு, வரப்போகும் பிள்ளைக்குப் பெயர், எல்லாம் என் முதுகிடம்தான் சொன்னாள். நான் ரோட்டைப் பார்த்து ம் கொட்டினேன். அந்த நாள்களைப் போல் சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை, மச்சான். பிள்ளைகள் வந்தபின் எங்கள் பேச்சு கேஸ் தீர்ந்துபோச்சு, பால் வரலை என்று சுருங்கிவிட்டது. இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறாள்.

ஆகவே கவலைப்படாதே. லீவைப் பாழாக்கிக்கொண்டு வர வேண்டாம். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். குழந்தைகள் நீடூழி வாழட்டும், கணக்கில் உன்னைப் போல் இல்லாமல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இது தபால் ஆபீஸில் நின்றபடி எழுதுவது, உன் அக்கா படிக்காதது. அரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. டாக்டர் கைராசிக்காரர்தான், பாவம். நின்றுவிட்டது என்று சொன்னால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கட்டி புற்றுநோய்தான் என்பதும் தெரியும். டாக்டரிடம் நானே கேட்டுவிட்டேன். குழல் வழியைத் திறக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. பேச்சுக்கு நடுவில் சில சமயம் அழுகிறாள், நான் திரும்ப மாட்டேன் என்ற தைரியத்தில். நானும் திரும்புவதில்லை. லீவு போட்டு உடனே புறப்பட்டு வா. அவள் பேச்சு இப்போதைக்கு முடியாது. எனக்குப் பிறகு அவள் முன்னால் உட்கார ஒரு முதுகு வேண்டும்.