மாப்பிள்ளை வண்டி எழுந்து நின்ற விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு, அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து மாமனார் பேயாண்டி வணக்கத்துடன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு இசைவாணி எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் காளையும் கோழிகளும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுத்தான் நடப்பீர்கள் என்று நம்புகிறோம். என் மகள் மீனா வாடிப்பட்டியில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், இன்று சாயங்காலம் வருகிறாள். போனில் சொன்னால் பாதியில் கட்டாகிவிடும் என்பதால், உங்கள் கம்பெனிக்கே வருகிற ஆள் கையில் இந்த நல்ல சேதியைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இங்கே விட்டுப்போன மோட்டார் சைக்கிள் வண்டி எழுந்து நின்றுவிட்டது.

போன மாட்டுப் பொங்கலன்று காளைக்கு முன்னால் கோயிலுக்கு வண்டி ஓட்டிப் போனீர்களே, அப்போது என் மச்சினன் அழகுபாண்டியின் வாய்க்கால் வரப்பில் வண்டியின் வயிறு தட்டி, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றதை நீங்கள் மறந்திருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறதி கட்டுபடியாகாது, எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. நீங்கள் போட்டிருந்தது ஊதாச் சட்டை. அழகுபாண்டி டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டு, ஊரே கேட்கும்படி, "என்ன மச்சான், உங்க மாப்ள வண்டி படுத்த ஆடு மாதிரில்ல இருக்கு? எந்திரிக்கச் சொல்லுங்க!" என்றான். பெண் கொடுத்த ஊரில் மாப்பிள்ளை தலைகுனிய, மாமனார் அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பதா? அடுத்த பொங்கலுக்கு நீங்கள் வருவதற்குள் அந்த வண்டி அதே வரப்பைத் தாண்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

அது பிறவியிலேயே குட்டை வண்டி கிடையாது. பரிசத்தன்று நீங்கள் புதுசாக ஓட்டிவந்து, வாசலில் அம்புட்டு இடம் கிடக்க, நேராகத் தொழுவத்துக்குள் கொண்டுபோய்க் காளைக்குப் பக்கத்தில்தான் நிறுத்தினீர்கள். சீட்டு அதன் முதுகுக்குச் சரிக்குச் சரியாக நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் மதுரையில் சர்வீஸ் விட்டு வந்ததிலிருந்துதான் கூனிவிட்டது. எவனோ ஒரு திருடன் உங்கள் நல்ல மனசைப் பார்த்து உயரத்தைக் களவாடிவிட்டான். சமயநல்லூரிலிருந்து முகேஷ் என்ற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன், நெட்டையான ஆள். தரையில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, முன்னாடி சக்கரத்தத் தாங்குற போர்க்கை மேல தள்ளிக் கட்டிருக்காங்க. பின்னாடி ஷாக் அப்சார்பருக்கு அடியில கம்பெனி இரும்புப் பட்டையக் கழட்டிட்டு நீளப் பட்டை போட்டிருக்காங்க. வேணும்னே எறக்கின வண்டி இது" என்றான். வேண்டுமென்றே! எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்கள்! கம்பெனிப் பட்டை எங்கே என்று அவன் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. நீங்கள் பரணில் போட்டுவிட்டுப் போன சாக்கிலிருந்து உங்கள் அத்தை ரெண்டு இரும்புத் துண்டை எடுத்து, ஒன்றைக் கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாகவும், இன்னொன்றைப் பூனைக்குப் பயந்து மீன்குழம்புச் சட்டி மூடிமேல் பாரமாகவும் வைத்திருந்தாள். ரெண்டையும் பிடுங்கிவந்தேன். குழம்பைப் பூனை குடித்தது, கோழிகளைத் தெருத்தெருவாகத் தேடினோம், அதெல்லாம் சின்ன விஷயம்.

பட்டையை மாட்டிப் போர்க்கை இறக்கிக் கட்டியதும் வண்டி ஜம்மென்று எழுந்தது. ஆனால் சரிபார்க்க வேண்டாமா? காளையை அவிழ்த்துவந்து பக்கத்தில் நிறுத்தினேன். சீட்டு முதுகுக்கு ஒரு முழம் கீழே கிடந்தது. "தம்பி, இன்னும் ஒரு முழம் ஏத்து" என்றேன். "கம்பெனி உயரமே இம்புட்டுத்தான் ஐயா" என்றான். "கம்பெனி என்னத்தக் கண்டுச்சு, நான் கண்ணால பாத்தவன்" என்று நான் விடவில்லை. பாவம், ஸ்பிரிங்கை முறுக்கினான், பழைய மெத்தையைக் கிழித்துச் சீட்டுக்குள் பஞ்சை அடைத்தான், வண்டி கல்யாணக் குதிரை மாதிரி ஆகியும் முதுகு எட்டவில்லை. சாணி அள்ளிக்கொண்டிருந்த உங்கள் அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், அன்னைக்கு அது கண்ணுக்குட்டிய்யா! காளை வளந்துருச்சு. வண்டியும் புல்லு தின்னு வளருமா?" என்றாள். முகேஷ் சிரிப்பை அடக்க ஸ்பானரைக் கடித்துக்கொண்டான். பஞ்சை எடுக்கச் சொல்லிவிட்டேன், முறுக்கையும் தளர்த்திவிட்டான். என் நினைவு தப்பவில்லை மாப்பிள்ளை, காளைதான் சொல்லாமல் வளர்ந்துவிட்டது.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். அதையும் அந்தத் திருடன் அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறான். எழுந்த வண்டியை அதில் சாய்த்தோம். சாய்ந்தது, சாய்ந்துகொண்டே போனது, உங்கள் அத்தையின் சாணிக் கூடையில் போய்ப் படுத்தது. கழுவி, ஸ்டாண்டில் துண்டு இரும்பை வைத்துப் பற்றவைத்தோம்.

நேற்றுக் காலையில் முகேஷ் ஓட்ட, நான் பின்னால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நேராக வாய்க்காலுக்குப் போனோம். அழகுபாண்டி கைகட்டி நின்றான். ஒரே தாவு. என் துண்டு தண்ணீரில் போயே போய்விட்டது, வண்டி அக்கரையில் நின்றது. "டேய், வயிறு தட்டுச்சா பாரு!" என்று கத்தினேன். குனிந்து வரப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தட்டல மச்சான்" என்று முனகினான். "ஊருக்குக் கேக்கல!" என்றேன். "தட்டல மச்சான்!" என்று நாலு வயலுக்குக் கேட்கக் கத்தினான். நான் அக்கரையிலேயே உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டேன். அப்படி ஒரு வெற்றிலை நான் போட்டதே இல்லை.

ஆகவே பொங்கலுக்கு நீங்கள் வந்து, அதே ஊதாச் சட்டையில், அவன் கண்ணெதிரே தாண்ட வேண்டும். அய்யனார் உங்கள் கைகாலைத் திடமாக வைத்து, போன இடத்தில் நல்ல பேரும் திரும்புகிற வழியில் நிழலும் கொடுக்கட்டும். உங்கள் அத்தையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
பேயாண்டி (கைநாட்டு)

பின்குறிப்பு: மீனா இப்போதுதான் வந்தாள். வண்டியைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "யப்பா, அத எறக்கச் சொன்னதே அவருதான். காலு தரைக்கு எட்டல. பரிசத்தன்னைக்கே தொழுவத்துத் தூணப் பிடிச்சுத்தான் எறங்குனாரு. மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தாரு" என்றாள். மாப்பிள்ளை, மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னால், கை வலிக்கிறது என்கிறாள் இசைவாணி. அதனால் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். திருடன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நாளைக்கே முகேஷ் வந்து நீளப் பட்டையை மாட்டி, ஸ்டாண்டையும் அறுத்துவிடுகிறான். கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் திரும்பிவிடும். நான் மறந்துபோன முதல் விஷயம் இதுதான், அதுவும் இப்போதே மறந்துவிட்டது. வரப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் விடிவதற்குள் மண்வெட்டியோடு போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடுகிறேன், பொங்கலுக்குள் உங்கள் வண்டிக்குச் சரியாக வந்துவிடும். அழகுபாண்டி கேட்டால் பெருச்சாளி என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் ஊதாச் சட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.