தார்ப்பாய் சொன்னால் மழை

மரக்காணத்தில் மழை வரப்போவது மேகத்துக்கே தெரியாத நேரத்தில் தார்ப்பாய்க்குத் தெரியும். அவனுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகிப்பதில்லை. பைக்கின் பின்சீட்டில் மடித்துக் கட்டிய நீலத் தார்ப்பாய் இல்லாமல் அவனை நான் பார்த்ததே கிடையாது. பகலில் உப்பளத்தில் வேலை. சாயங்காலமானால் எங்கள் நண்பர்களின் பேண்டில் டிரம்ஸ்.

அவன் அண்ணன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மூக்கை உறிஞ்சினான், எழுந்து போனான். குடும்பமே தேடியபோது, அவன் சமையல் பந்தல் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். வெளியே சுள்ளென்று வெயில். அவன் அம்மா திட்டிய திட்டில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார். பந்தியில் ரசம் வரும்போது கொட்டியது பாருங்கள் ஒரு மழை. அன்றிலிருந்து அவன் ‘மழை’ என்றால் எங்கள் ஊரில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நேராக உப்பளத்துக்கு ஓடுவோம். மூடாத உப்புக் குவியலில் ஒரு மழை விழுந்தால் பட்ட பாடெல்லாம் கரைந்து வாய்க்காலில் போய்விடும்.

போன கோடையில் உப்பளத்துக்கு எதிரே, ஈ.சி.ஆர் ஓரமாக, ஒரு காபிக் கடை திறந்தார்கள். பேண்டு ஒரு சாயங்காலம் வாசிக்க வேண்டும்; கடைக்காரருக்குப் பிடித்துப்போனால் சனிக்கிழமைதோறும் இவர்கள்தான். பாடகி ஸ்டெல்லா முன்பே சொல்லிவிட்டாள்: “இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் சென்னைக்கு வேலைக்குப் போறேன். அப்புறம் நீங்களே பாடிக்கோங்க.”

மற்றவர்கள் பாடி நான் கேட்டிருக்கிறேன். அவள் போனால் பேண்டு அவ்வளவுதான்.

“டேய் தார்ப்பாய், இன்னிக்கு ஒரு நாள் அந்த மூக்க மூடிக்கினு வாசிடா,” என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள்.

கடை கொள்ளாத கூட்டம், பாதிக்கு மேல் உப்பளத்து ஜனம். எல்லோரும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு கண் மேடையில், இன்னொரு கண் ஜன்னலுக்கு வெளியே திறந்து கிடக்கும் உப்பில்.

தார்ப்பாய் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான். என்ன வாசிப்பு அது! மேஜையில் என் காபி டம்ளர் தானாக நகர்ந்தது. இரண்டாவது பாட்டின் நடுவே, பையன் வியர்த்து வழிகிறானே என்று கடைக்காரர், தண்ணீர்ச் சாரல் அடிக்கும் பெரிய ஃபேனை அவன் முதுகுப் பக்கம் திருப்பிவிட்டார். ஜில்லென்று காற்று, பிடரியில் நாலு துளி. கண்ணைத் திறக்காமலே தார்ப்பாய் கத்தினான்: “மழை!”

நாற்காலிகள் சாய்ந்தன. நான் காபியோடு ஓடினேன். கிடார்காரன் கிடாரோடு ஓடினான். தார்ப்பாய், டிரம்ஸை மூடிவிட்டு எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடினான். கடையில் மிச்சம் இருந்தது கடைக்காரரும், பாதி வரியில் நின்றுபோன ஸ்டெல்லாவும்.

தென்னங்கீற்றை இழுத்துப் போட்டு எல்லாக் குவியலையும் மூடிய பிறகுதான் ஒருத்தர் அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தார்ப்பாய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“ஸ்டெல்லாவ நானே ஊர விட்டு அனுப்பிட்டேன்பா.”

எங்களோடு உப்பு வாரும் தனம் அக்காதான் அவன் கையைப் பிடித்து இழுத்தார். “எழுந்து வாடா. அதான் எல்லாத்தையும் மூடியாச்சே. இனிமேதான் நிம்மதியா கேக்கலாம்.”

திரும்பிப் போனோம், சேற்றுக் காலோடு, ஒருத்தர் பாக்கியில்லாமல். இந்தத் தடவை சாய்ந்து உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஸ்டெல்லா விட்ட வரியிலிருந்து எடுத்தாள்; அடுத்த பாட்டுக்குத் தனம் அக்காவே ஆடிவிட்டார். தரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த கடைக்காரர், மாப்பைச் சாத்திவிட்டுத் தாளம் போட்டார்.

“ஏங்க, அவர் சொன்னா இப்படித்தான் ஓடுவீங்களா?” என்று எங்களைக் கேட்டார்.

“ஓடுவோங்க.”

“அப்ப வர்ற சனிக்கிழமை ஃபேன நிறுத்தி வெச்சிடறேன்,” என்றார்.

ஸ்டெல்லா சென்னைக்குப் போகவில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை வெயில் இறங்குவதற்குள் எங்கள் ஊரில் அத்தனை உப்பையும் மூடிவிடுகிறோம். சாலையில் போகிற வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, “மழை வருதுங்களா?” என்று கேட்பார்கள்.

“இல்லீங்க,” என்போம். “எங்க தார்ப்பாய் வாசிக்கிறான்.”