மரத்தின் மேல் ஒரு செய்முறைத் தேர்வு

உலகத்தில் மரங்கள் தோன்றிய நாளிலிருந்து தகுதியுள்ள ஒருவருக்காகக் காத்திருந்தன என்பதும், அந்த ஒருவர் கடைசியில் நம் பெரியவருக்கு மாப்பிள்ளையாக வாய்த்தார் என்பதும் மானமுள்ள எவரும் மறுக்க முடியாத உண்மைகள்.

தொடக்கத்தில் மாப்பிள்ளை வெறும் மரம் வெட்டுபவராகத்தான் இருந்தார். மரத்தில் ஏறுவார், பட்டுப்போன கிளையை அறுப்பார், இறங்குவார், போய்விடுவார். இதில் என்ன கௌரவம் இருக்கிறது? கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரால் இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? அவருடைய தம்பிக்கு வாய்த்த மாப்பிள்ளையோ வங்கி மேலாளர். நாலு பேர் கூடும் இடத்தில் தம்பி வேண்டுமென்றே குரலை உயர்த்துவான்.

"எங்க மாப்பிள்ளைக்குப் பெரிய கிளைக்கு மாத்தல் வந்திருக்கு அண்ணே. உங்க மாப்பிள்ளை இப்ப எந்தக் கிளையில இருக்காரு?"

பெரியவர் குடும்பக் கூட்டத்தைக் கூட்டினார். 'இனி நம் வீட்டு மாப்பிள்ளை, சான்றிதழ் இல்லாத எந்த வேலையிலும் கை வைக்கக் கூடாது. பெறும் ஒவ்வொரு சான்றிதழும், உள்ளே நுழைபவர் கண்ணில் படும்படி கூடத்தில் மாட்டப்பட வேண்டும்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பெரியவரின் மனைவி அப்போது சமையலறையில் இருந்தார்.

மாப்பிள்ளை தங்கமானவர். பெரியவர் பேச்சைத் தட்டமாட்டார். ஏணிப் பாதுகாப்பில் சான்றிதழ் வாங்கினார். கயிற்று முடிச்சில் வாங்கினார். அதிலேயே 'மேல்நிலை'யும் வாங்கினார். மரத்தின் 'அபாய மதிப்பீடு', மரத்தின் சொந்தக்காரரிடம் கனிவாகப் பேசுதல் என்று ஒன்றையும் விடவில்லை. வகுப்புக்கும் தேர்வுக்கும் ஓடியதில் மரம் ஏற நேரமில்லாமல் போயிற்று. 'மர நல நிபுணர்' ஆகிவிட்டவர் மரத்தில் ஏறுவது அவ்வளவு நாகரிகமும் இல்லையே! மகள் தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். கூடத்துச் சுவரில் பல்லி ஓடக்கூட இடமில்லை.

பெரியவருக்கு இது போதவில்லை. மாப்பிள்ளையின் தகுதிகளையெல்லாம் எழுதிய பெரிய பலகை ஒன்றை வாசல் மரத்தில் கட்ட முடிவு செய்தார். அன்று மாலை தம்பி வருவதாக இருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல வகுப்பில் இருந்தார். பெரியவரே ஏணியைச் சாத்தி ஏறினார். பலகையைக் கட்டினார். இறங்குவதற்காகக் காலை நீட்டியபோது ஏணி சரிந்து விழுந்தது. பெரியவர் கிளையைக் கட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தார். "ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"மேற்பார்வை!"

மனைவி ஏணியை நிமிர்த்தப் போகும் நேரத்தில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

"அத்தை! தொடாதீங்க! அது விழுந்த ஏணி. பரிசோதனை பண்ணாம திரும்பச் சாத்தக் கூடாது."

"சரி, பரிசோதனை பண்ணுங்க."

"அதுக்குத் தனிச் சான்றிதழ் வேணும். வகுப்பு அடுத்த மாசம்தான்."

"அப்ப நீங்களே ஏறி இறக்கி விடுங்களேன். முந்தி எவ்வளவு சுளுவா ஏறுவீங்க!"

"முந்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. இப்ப படிச்சிருக்கேன். உயரத்துல மாட்டிக்கிட்டவங்களை மீட்கறதுல எழுத்துத் தேர்வுதான் பாஸ். செய்முறை பாக்கி இருக்கு. மாமா போட்ட தீர்மானத்தை நானே மீறலாமா?"

"மீறக் கூடாது!" என்றது மேலிருந்து ஒரு குரல். கூடவே கிளையும் லேசாக முனகியது.

மாப்பிள்ளை பயிற்சியாளருக்குப் போன் செய்தார். கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாக வந்த பயிற்சியாளர் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"செய்முறைத் தேர்வை இங்கேயே வெச்சிடலாம். பயிற்சிப் பொம்மைதான் எடுத்துட்டு வரல. பரவாயில்ல, இவரே பொம்மையா இருக்கட்டும்."

"யோவ், யாரைப் பாத்து..."

"சார், பொம்மை பேசக் கூடாது. நீங்க மயங்கின ஆள். வாயைத் திறந்தா தேர்வு செல்லாது. அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடமா? அந்தச் சான்றிதழை மாட்டக் கண்ணாடிச் சட்டம்கூடத் தயாராக இருந்தது. பெரியவர் கண்ணை மூடினார். கிளைமேல் கவிழ்ந்தபடி கை கால்களைத் தளர்த்தினார். கண்காணிப்பாளர் பதவியில் இருந்தபோதுகூட அவர் இவ்வளவு அமைதியாக ஒரு கடமையைச் செய்ததில்லை.

மாப்பிள்ளை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஏறி, மாமனாரின் இடுப்பில் வாரைப் பூட்டி, மேல்நிலை முடிச்சுப் போட்டு இறக்கினார். முடிச்சு மேல்நிலைதான், மாமனார்தான் தலைகீழ் நிலைக்கு வந்துவிட்டார். பாதி உயரத்தில் கயிறு சிக்கிக்கொண்டது. அப்போது பார்த்து வாசலில் தம்பி வந்து நின்றான்.

அண்ணனுடைய முகம் சரியாக அவன் முகத்துக்கு நேரே தொங்கியது. தம்பி நிதானமாகப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஓர் ஆசை உண்டு. அண்ணன் மூக்கைப் பிடித்து ஒரு திருகு திருகினான். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, இப்ப நீங்க எந்தக் கிளையில இருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில்களை எத்தனையோ வருடங்களாகப் பெரியவர் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் சாட்டையடி. உதடு துடித்தது. பயிற்சியாளர் பேனாவை உயர்த்தினார். உதடு அடங்கிவிட்டது. குடும்ப மானத்துக்காக ஒரு மனிதர் இதைவிட வேறென்ன செய்ய முடியும்?

மாப்பிள்ளை தேறினார். பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, தேர்வின்போது எடுத்த புகைப்படம் சான்றிதழிலேயே அச்சாகியிருந்தது. பெரியவரின் தீர்மானப்படி, அது கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் தொங்குகிறது. அதில் பெரியவரும் தொங்குகிறார், தலைகீழாக. மற்ற சான்றிதழ்களில் தூசி படிந்துகிடந்தாலும் அதை மட்டும் மனைவி தினமும் துடைத்துவிட்டு, அடியில் பயிற்சியாளர் எழுதிய குறிப்பை வாய்விட்டு ஒரு முறை படிக்கிறார்:

'மாணவர்: பரவாயில்லை. பொம்மை: மிகச் சிறப்பு. சுயமாக யோசிக்கும் அறிகுறி எந்த இடத்திலும் தென்படவில்லை.'