பிரேக்குக்குள் காத்து

"இஞ்சருங்கோ, கோவிந்தசாமி மெக்கானிக்கைக் கூப்பிடட்டோ?" என்று வாசலிலிருந்து மனைவி கேட்டார்.

"வேண்டாம். தனி ஆளாச் செய்யலாம் எண்டு கார்ப் புத்தகத்தில போட்டிருக்கு" என்றார் பேரின்பநாயகம், காருக்கு அடியிலிருந்து.

முதல் நாள், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் அந்தக் கார் பிரேக் பிடிக்காமல், தெரிந்த வண்டிக்காரர் அப்துல் அலீமின் மாட்டுவண்டியில் முட்டித்தான் நின்றது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. பேரின்பநாயகத்தின் மனைவி புஷ்பராணிக்குத்தான் உயிர் போய் வந்தது. வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மூண்டு மணிக்குத் தம்பி வருவான். அதுக்குள்ள பிரேக் சரிவராட்டில் கார் அவனுக்கு."

புஷ்பராணியின் தம்பி ராஜசிங்கத்துக்கு அந்தக் காரின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். பேரின்பநாயகத்துக்கோ கார்தான் எல்லாம். புஷ்பராணி இருமினால் திரும்பிப் பார்க்காதவர், கார் இருமினால் ஓடுவார்.

விஷயம் சின்னதுதான். பிரேக் எண்ணெய் ஓடும் குழாயில் காற்று புகுந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு உட்புறம் உள்ள திருகைத் தளர்த்தி, அதில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை எண்ணெய்ப் போத்தலில் முக்கி வைத்துவிட்டு, முன்னே போய் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். காற்று குமிழியாகப் போத்தலுக்கு வந்துவிடும்.

சந்தில், காருக்குப் பின்னால், அலீம் வண்டியை நிறுத்தி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு கை பிடிக்கட்டுமா?"

"தேவையில்ல. ஆரும் என்னோட கதைக்கவும் வேண்டாம். கவனம் சிதறும்."

நல்ல மனிதர் அலீம். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

பேரின்பநாயகம் திருகைத் தளர்த்தினார். முன்னே போய் இருபது முறை மிதித்தார். இறங்கி வந்து பார்த்தால் போத்தலில் ஒரு குமிழி இல்லை. திருகு இறுக மூடியிருந்தது.

"நான் திறந்தனான்!"

"திறந்தனீங்களோ, திறக்க நினைச்சனீங்களோ?" என்றார் வாசலில் நின்ற புஷ்பராணி.

மறுபடி திறந்தார். இம்முறை வாய்விட்டு, "திறந்திட்டன்" என்று சாட்சிக்குச் சொல்லிக்கொண்டார். நாற்பது மிதி. வந்து பார்த்தால், மூடியிருந்தது.

மூன்றாம் முறை திருகின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டார். திரும்பி வந்தபோது கோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் ஆரும் வந்தவையோ?" என்று அலீமைக் கேட்டார். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால், யாரும் வரவில்லையென்று அலீம் கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

"நாப்பத்தெட்டு வயசிலேயே மறதி வந்து அறளை பேந்திட்டுதோ?" என்றார் புஷ்பராணி. சிரிக்கவில்லை, உண்மையாகவே பயந்துவிட்டார். "என்னவோ காத்துப் புகுந்திட்டுது எண்டு காலமை சொன்னனீங்களே, அது எந்தக் காத்து?"

காலையில் கேட்டிருந்தால் பேரின்பநாயகம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது திருகை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஒரு தேசிக்காய் இருந்தாக் கொண்டு வாரும்" என்றார் மெதுவாக.

வந்த எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு மிதித்தார். திருகு மூடிக்கொண்டது. கற்பூரம் காட்டி மிதித்தார். மூடிக்கொண்டது. ஏழாம் முறை திறக்கும்போது, திறந்தேனா மூடினேனா, இது இடதா வலதா, நான் யார் என்பது வரைக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மணி மூன்று. ராஜசிங்கம் சிரித்த முகத்துடன் வந்து நின்றார்.

"கொண்டு போ" என்றார் பேரின்பநாயகம். "ராவில அதுக்குக் கிட்டப் போகாத. அதுக்குள்ள ஏதோ இருக்கு."

பிரேக் இல்லாத காரை ஓட்ட முடியாது. அலீமின் மாட்டையே பூட்டி இழுத்துப் போவதென்று முடிவாயிற்று. பேரின்பநாயகம் காரின் முதுகை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கயிற்றைக் கட்டி முடித்த அலீம், இனிப் பேசலாம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் வந்தார்.

"ஐயா, மச்சான்கிட்ட ஒண்ணு சொல்லி வைங்க லா. பின்சக்கரத்துத் திருகு ஒண்ணு தானாவே லூசாயிக்கிட்டு இருக்கு. பாவம், நீங்களும் போத்தலை வச்சு ஒழுகுற எண்ணெயைப் பிடிச்சுப் பாக்குறீங்க. மறுபடி என் மாட்டு மேல வந்து முட்டிடக் கூடாதேன்னு, நீங்க உள்ளே போய் உக்கார்ற ஒவ்வொரு தடவையும் நான்தான் முடுக்கி விட்டேன்."